கனமா ஒரு பிக்கப்

"அண்ணா, நீ வாசிக்கிறது பெரிசாத்தான் கேக்குது. ஆனா என்ன வாசிக்கிறன்னுதான் கேக்கல," என்றாள் தங்கச்சி.

பாட்டு முடிந்தும் ஆம்ப்ளிஃபயர் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. நான் கிட்டாரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் டிரம் குச்சியால் முதுகைச் சொறிந்தபடி கூரையைப் பார்த்தார். பெண்டாட்டிக்கும் மச்சானுக்கும் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது என்று கல்யாணத்தன்றே முடிவு செய்துகொண்ட மனிதர்.

"நீங்க சொல்லுங்க மாப்ள. கேக்கலையா?"

"கேக்குது மச்சான். லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி நல்லாவே கேக்குது. அதுக்குள்ள நீங்க எங்க இருக்கீங்கன்னுதான் தெரியல."

நாங்கள் மூன்று பேர். ஹெவி மெட்டல் வாசிக்கிறோம். மாப்பிள்ளைக்கு டயர் கடையில் வேலை. கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் இருக்கும் அறையை முதலாளி எங்களுக்கு விட்டிருக்கிறார். சுவர் முழுக்கப் பழைய டயர்களை அடுக்கி வைத்திருப்பதால் சத்தம் வெளியே போகாது. எங்கள் உடம்பிலிருந்து ரப்பர் நாற்றமும் போகாது. தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் சலவை வேலை. பெரிய பெரிய இயந்திரங்களுக்கு நடுவில், ஆவியில் நின்று, பக்கத்தில் இருப்பவளிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். கத்திக் கத்தி அவள் தொண்டைக்கு ஓர் ஆழம் வந்திருக்கிறது. அவள் பாடுவதை உறுமல் என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டெழுதுவதும் அவள்தான். நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதுவரை அவள் வரிகளை வாயால் சொல்லுவாள், நான் விரலில் பிடித்துக்கொள்வேன்.

இந்தக் குழுவை ஆரம்பித்தது நான். யாரோ விற்ற பழைய கிட்டாரை வாங்கி வந்து, அவள் வீட்டு வாசலில் நின்று, "நீ கத்தறதுக்கு நான் பின்னால வாசிக்கிறேன்" என்று சொன்னவன் நான். அதனால் அவள் அடுத்துச் சொன்னது எனக்குச் சட்டென்று உள்ளே இறங்கவில்லை.

"ஹால்காரர் அடுத்த ஞாயிறு விட்டு அதுக்கடுத்த ஞாயிறு வர்றாரு. பிடிச்சிருந்தா மேடை தர்றேன்னிருக்காரு. தெரியும்ல?"

"தெரியும்."

"நெட்டையன்கிட்டப் பேசினேன்."

நெட்டையன் அவள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். கதவு நிலையில் இடிக்காமல் உள்ளே வரத் தெரியாத உயரம். கிட்டார் வாசித்தால் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக வந்து நிற்கும். இருந்த குழு கலைந்து போனதால் சும்மா இருந்தார்.

"சும்மா இருக்கிறவரை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு," என்றேன்.

"அண்ணா."

"சொல்லு."

"அதுக்குள்ள உன் சத்தம் சரியாகலன்னா அன்னிக்கு மட்டும் அவரை வாசிக்கச் சொல்லலாம்னு இருக்கேன். உன்னைக் கேக்காம செய்ய மாட்டேன். அதான் இப்பவே கேக்கறேன்."

அன்றைக்கு மட்டும் என்றாள். அன்றைக்கு மட்டும் வருகிற ஆள் எப்படி ஒட்டிக்கொள்வார் என்று எனக்குத் தெரியாதா? கிடங்கில் நானே அப்படித்தான் சேர்ந்தேன், முதுகு பிடித்துக்கொண்ட ஒருவருக்குப் பதிலாக ஒரு நாளைக்கு. அந்த மனிதர் திரும்பி வந்தபோது அவர் ஆணியில் என் சட்டை தொங்கியது.

"சரி," என்றேன். வேறென்ன சொல்வது. அவள் கேட்டதில் தப்பில்லை. மேடை ஏற வேண்டும் என்று அவளும் ஆசைப்படுகிறாள்.

மாப்பிள்ளை சமாதானத்துக்கு வழி தேடி என் கிட்டாரைத் தட்டிப் பார்த்தார். "கையில ஒண்ணும் குறை இல்ல மச்சான். பிக்கப்தான் வீக்கு. இதை மாத்திப் பாருங்களேன்."

மறுநாள் கிடங்கில் மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"சாயங்காலம் கொஞ்சம் முன்னாடி போகணும் மேஸ்திரி. பிக்கப் மாத்தணும்."

"வண்டி எப்ப வாங்கின? சொல்லவே இல்ல."

"வண்டிக்கு இல்ல. கிட்டாருக்கு."

"கிட்டாருக்கு எதுக்குயா பிக்கப்? மேட்டுல ஏத்தப் போறியா?"

மூட்டையோடு போய்க்கொண்டிருந்தவர்களெல்லாம் நின்று சிரித்தார்கள். லிட்டருக்கு எத்தனை பாட்டு தரும் என்று ஒருவன் கேட்டான். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு விளக்கினேன். கிட்டார்க் கம்பிக்கு அடியில் காந்தம் இருக்கும், அதைச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிய செம்பு இழை சுற்றியிருக்கும். மேலே கம்பி அதிர்ந்தால் அந்த அதிர்வை அது மின்சாரமாகப் பிடித்து ஒயர் வழியாக ஆம்புக்கு அனுப்பும். அதற்குத்தான் பிக்கப் என்று பெயர்.

"அட, காயில்னு சொல்லு," என்றார் மேஸ்திரி. "நம்ம லோடு ஏத்துற மோட்டார் எரிஞ்சப்ப கட்டிக் குடுத்தாங்களே, காயில் அக்கா. அவங்க கடையில கிட்டாரைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் நின்னதைப் பார்த்திருக்கேன். அங்க போ. நாளைக்கு லேட்டா வராத."

காயில் அக்காவின் கடைக்குள் வார்னிஷ் நெடி கண்ணில் ஏறியது. கருகிய மோட்டார்கள் வயிற்றைத் திறந்து கிடந்தன. ஆணிகளில் மின்விசிறிக் காயில்கள் வளையல் மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கின. அக்கா மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். மோட்டார்தான் பிழைப்பு, பிக்கப் கட்டுவது பிடித்துப் போய்ச் செய்வது என்றார். கிட்டாரை வாங்கி, குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பது போல உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"எந்த மாதிரிப் பாட்டு?"

"ஹெவி மெட்டல் அக்கா."

முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். "கம்பியோட சுருதியை எவ்வளவு இறக்கிக் கட்டியிருக்க?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா இறக்கியிருக்கேன். தங்கச்சி குரலுக்கு அதான் சேரும்."

மூடியைக் கழற்றிப் பழைய பிக்கப்பை வெளியே எடுத்தார். மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தார். கடையில் இருந்த சின்ன ஆம்பில் ஒயரைச் செருகி, விரல் நகத்தால் அதைத் தட்டினார். ஆம்பில் அந்தத் தட்டு டொக்கென்று கேட்டது.

"உயிர் இருக்கு. ஆனா உள்ள ஊத்தின மெழுகு போயிடுச்சு. இழையெல்லாம் ஆடுது, அதான் சத்தம் கூட்டினா கீச்சுனு கத்தும். கத்துதா?"

"கத்தும். நாங்க அதையும் பாட்டுன்னு விட்டுட்டோம்."

அக்கா சிரித்தார். "புதுசு எப்படி வேணும்?"

"கனமா வேணும்."

"கனமான்னா?"

"ஹெவி அக்கா. ஹெவின்னா கனம்தானே?"

"அப்ப சுத்து அதிகமா வேணும்ங்கற."

"எவ்வளவு சுத்த முடியுமோ அவ்வளவு."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுத்து ஏற ஏற சத்தம் ஏறும் தம்பி. ஆனா முனை மழுங்கிப் போகும். நீ வேற கம்பியை இறக்கியிருக்க. கத்தியை மழுக்கிட்டு வெட்டற மாதிரி ஆயிடும்."

"எனக்குக் கத்தி வேணாம் அக்கா. சம்மட்டி வேணும்."

அவர் இழுப்பறையிலிருந்து இரண்டு பிக்கப்பை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் செம்பு இழை விளிம்பு வரை முட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்றில் சுற்றுக் குறைவு, இழைக்கும் விளிம்புக்கும் நடுவில் இடம் தெரிந்தது. காந்தம் மட்டும் வலுவானது என்றார். இரண்டிலும் மீட்டரை வைத்துக் காட்டினார். முதலாவதன் நம்பர் பெரிது, இரண்டாவதன் நம்பர் அதில் பாதிதான் இருக்கும். மூட்டை மேல் எழுதியிருக்கும் எடையைப் படித்துப் படித்து நம்பர் கற்றவன் நான். பெரிய நம்பர் என்றால் பெரிய கனம். நான் எதைக் காட்டியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

"சரி, மாட்டித் தர்றேன்," என்றார். "வாசிச்சுப் பாரு. சரிப்படலைன்னா எடுத்துக்கிட்டு வா, இன்னொண்ணை மாட்டிக்கலாம். கேட்டுப் பார்க்காதவங்களுக்கு நான் விக்கிறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை புதுப் பிக்கப்போடு டயர் அறைக்குள் நுழைந்தபோது எனக்குக் கால் தரையில் இல்லை. ஆம்பின் குமிழ்களையெல்லாம் ஓரம் வரை திருப்பினேன். முதல் அடி விழுந்ததும் டயர்களின் மேல் இருந்த தூசி எழும்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்ட மாதிரி இருந்தது. இதுதான், இதுதான் என்று மனசு சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.

கண்ணைத் திறந்தபோது தங்கச்சி பாடவில்லை. மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையும் எப்போதோ நிறுத்தியிருந்தார்.

"என்ன?" என்றேன்.

"முன்னாடி நீ மட்டும்தான் இந்த இரைச்சல் சேத்துல இருந்த. இப்ப என்னையும் இழுத்துப் போட்டுட்ட. என் குரல் எனக்கே கேக்கல."

"தரை அதிருது, பார்த்தியா?"

"தரை அதிருது. பாட்டு எங்க?"

மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "மச்சான், நான் எங்க அடிக்கணும்னு உங்க கையைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். காதால முடியல."

தங்கச்சி தண்ணீர் குடித்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "நெட்டையனை வரச் சொல்லிடறேன் அண்ணா. கிட்டாரோட," என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய்க் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் மல்லாந்தேன். முதுகு சொல்பேச்சுக் கேட்கவில்லை. என் மனைவி தைலத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாரம் பூரா முதுகுல மூட்டை. ஞாயித்துக்கிழமை ஆனா தோள்ல கிட்டார். எதையாவது தூக்கிக்கிட்டே இருக்கணும் உங்களுக்கு," என்றாள். தேய்க்கும்போது மட்டும் கை மென்மையாகத்தான் இருந்தது.

அந்த வாரம் கிடங்குக்குப் புதிய ஆலையிலிருந்து ஒரு லோடு வந்தது. மூட்டையை முழுக்க நிரப்பாமல், மேலே காற்றோடு சேர்த்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் அந்த ஆலைக்காரனின் பரம்பரையையே திட்டினார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது, பாதி காலியாக இருந்தால் சுமக்கச் சுலபம்தானே என்பார்கள். அப்படி இல்லை. தொளதொளவென்று கட்டிய மூட்டை முதுகில் ஏறியதும் உள்ளே இருப்பது ஒரு பக்கம் ஓடும். நீங்கள் வலப்பக்கம் சாய்ந்தால் அது இடப்பக்கம் சாயும். கால் வைத்த இடத்துக்கு அது பின்னால் வந்து சேரும். நாலு நடை போனால் ஆளைக் கொன்றுவிடும். இறுக்கிக் கட்டிய மூட்டை உங்கள் முதுகோடு ஒட்டிக்கொண்டு, நீங்கள் போகிற இடத்துக்குக் கூடவே வரும்.

அந்த மூட்டைகளில் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். புஸ்ஸென்று பரவி உட்கார்ந்தது. அடுத்து வேறொரு லோடிலிருந்து சின்ன மூட்டை ஒன்று, நன்றாக இறுக்கித் தைத்தது. போட்டேன். தொம் என்றது. கால் பெருவிரல் வரை அதிர்ந்தது.

மூட்டைகளின் மேல் இருந்த எடை நம்பரைப் படித்துப் பார்த்தேன். புஸ்ஸென்று விழுந்ததுதான் எடை அதிகம்.

சின்ன மூட்டையைத் திரும்பத் தூக்கினேன். திரும்பவும் போட்டேன். தொம்.

"யோவ்," என்று மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டார். "அதென்ன, மூட்டையோட விளையாடிக்கிட்டு இருக்க?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. சத்தம் கேட்டேன்."

"பிக்கப் மாத்தினதுலேருந்து இவன் வண்டி ஒரு மாதிரித்தான் ஓடுது," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

தங்கச்சி என்னிடம் கேட்டது கனம் இல்லை. கனம் என்ற வார்த்தையை நான்தான் அவள் வாயில் போட்டேன். அவளுக்கு வேண்டியிருந்தது இந்தச் சின்ன மூட்டை. விழுந்த இடத்தில் விழுந்து, அங்கேயே நிற்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு காயில் அக்காவிடம் போனேன். அவர் ஒரு தண்ணீர் மோட்டாருக்குள் கையை விட்டிருந்தார்.

"அக்கா, கனம் வேணாம். இறுக்கமா வேணும்."

கையை வெளியே எடுத்துத் துணியில் துடைத்தார். "இந்த வார்த்தையை அன்னிக்கே சொல்லியிருந்தா பத்தவைக்கிற ஈயம் ஒரு சொட்டு மிச்சமாகியிருக்கும்," என்றார். அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. பெரிய நம்பர் பிக்கப்பைக் கழற்றி, சுற்றுக் குறைவானதை மாட்டினார். மாட்டிவிட்டு, இரண்டு பக்கத் திருகையும் தளர்த்திக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"கம்பிக்குக் கிட்ட இருந்தாத்தானே நல்லாப் பிடிக்கும்?" என்றேன்.

"ரொம்பக் கிட்டப் போனா காந்தம் கம்பியைப் பிடிச்சு இழுக்கும், சரியா ஆட விடாது. அப்புறம் ஆம்ப்ல எல்லாத்தையும் ஓரம் வரைக்கும் திருப்பி வச்சிருப்பியே?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"பாதியில நிறுத்து," என்றார்.

அந்தச் சின்ன ஆம்பில் மாட்டி, உள்ளங்கை ஓரத்தைக் கம்பிகளின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டு அடித்தேன். தக். அவ்வளவுதான். வந்தது, நின்றது. தக், தக், தக். மூன்று அடி அடித்தால் மூன்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு நாள் சொற்கள் தானாகப் பிரிந்து நிற்குமே, அப்படி இருந்தது.

எங்கள் பாட்டை எடுத்தேன். சலவை இயந்திரத்தைப் பற்றித் தங்கச்சி எழுதியது, "சூடு ஏறுது, கதவைத் திற" என்று ஆரம்பிக்கும். முதல் பகுதி நன்றாகப் போனது. வேகமான இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மறுபடி வாசித்தேன். மறுபடி நிறுத்தினேன்.

"அக்கா, இதுல ஏதோ கோளாறு. தப்புத் தப்பா கேக்குது."

"கோளாறு இதுல இல்ல தம்பி."

எனக்கு முகம் சூடேறியது. மோதிர விரல் ஒவ்வொரு தடவையும் அரை மூச்சு தாமதமாக வந்தது. வலது கை அவசரத்தில் இரண்டு அடியை ஒன்றாக்கி விழுங்கியது. நாள் முழுக்க மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்த கை, சாயங்காலம் கேட்டால் வேறென்ன கொடுக்கும். பழைய பிக்கப்பில் இதெல்லாம் சத்தத்தோடு சத்தமாகப் போய்விட்டது. எனக்கே தெரியவில்லை. இதிலோ, கூட்டத்தில் ஒதுங்கி நின்றவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு முன்னால் நிறுத்திய மாதிரி இருந்தது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "அதுல எல்லாம் ஒண்ணாக் கலந்து வந்துடும். இதுல நீ என்ன பண்றியோ அது மட்டும்தான் வரும். ரெண்டும் இங்கதான் இருக்கு. எதை வச்சுக்கிற?"

நான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஹால்காரர் வருகிறார். சேற்றில் வாசித்தால் நெட்டையன் என் இடத்துக்கு வந்துவிடுவார், அது உறுதி. இதில் வாசித்தால் தப்பு கேட்கும். அப்போதும் நெட்டையன் வரலாம். ஆனால் இதில் வாசித்தால் அந்த அறையில் நானும் இருந்தேன் என்றாவது தெரியும்.

"இதுவே இருக்கட்டும்," என்றேன்.

அதன் பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் வெந்நீரில் கையை ஊற வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மோதிர விரலை என்னால் மாற்ற முடியவில்லை. அந்த வயதைத் தாண்டிவிட்டது அது. அதனால் பாட்டை மாற்றினேன். வேகமான இடத்தில் நாலு அடி இருந்த இடத்தில் இரண்டை எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்த இரண்டையும், மூட்டையைப் போடுகிற மாதிரி, போட்ட இடத்திலேயே நிற்கும்படி போட்டேன். நடுவில் வெறும் இடம் வந்தது. முதலில் அந்த இடத்தைக் கேட்கப் பயமாக இருந்தது, யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்பது போல. பிறகு பழகியது. கேட்கக் கேட்க, அந்த இடத்தினால்தான் அடி விழுகிறது என்று தோன்றியது.

"என்னங்க இது, பாதிப் பாட்டைக் காணோம்?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. இப்பதான் தலை வலிக்காம கேக்க முடியுது."

ஞாயிற்றுக்கிழமை டயர் அறைக்குப் போனபோது நெட்டையன் எனக்கு முன்பே வந்து, ஒரு லாரி டயர் மேல் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கிட்டார்ப் பெட்டியும் ஒரு சின்ன ஆம்பும் பக்கத்தில் இருந்தன, பெட்டியைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வணக்கண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

"உட்காருங்க. நீங்க நின்னா எங்களுக்கு வெளிச்சம் மறைக்குது," என்றேன். சிரித்தார். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு லேசானது.

தங்கச்சியை ஓரமாகக் கூப்பிட்டேன். "வேகமா வர்ற இடத்துல நான் பாதிதான் அடிப்பேன். மீதி இடத்துல நீ பாடு."

"இப்பவா சொல்ற? ஹால்காரர் வாசல்ல வண்டியை நிறுத்திக்கிட்டு இருக்காரு."

"நாலு அடியும் அடிக்க என் கையால ஆகாது. இவ்வளவு நாளும் அடிக்கல, உங்களுக்கும் கேக்கல. இன்னிக்குக் கேக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை டிரம்முக்குப் பின்னாலிருந்து, "மச்சான் சொல்றபடியே போவோம். என் காலுக்கும் அதான் வசதி," என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் பக்கம் நின்று சொன்ன முதல் கருத்து அதுதான்.

ஹால்காரர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர். இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். "தப்பா நினைக்காதீங்க. தினமும் கேக்கறது, காது போயிடும்," என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கதவை ஒட்டி நின்றுகொண்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. சீக்கிரம் போக நினைக்கிறவர் நிற்கிற மாதிரி நின்றார்.

ஆம்பைப் பாதியில் வைத்தேன். மாப்பிள்ளை குச்சியைத் தட்டினார்.

முதல் அடி விழுந்தபோது தரையும் அதிரவில்லை, தூசியும் எழும்பவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தலை நிமிர்ந்தது. அவருடைய பெரிய டிரம்மும் என் கம்பியும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் அடித்த மாதிரி விழுந்தன. அடுத்த அடிக்கு அவர் என் கையைப் பார்க்கவில்லை. தங்கச்சி மைக்கை வாயருகே கொண்டுபோய், "சூடு ஏறுது" என்று உறுமினாள். அந்த "ஏறுது"வின் கடைசி எழுத்துகூட எனக்குக் கேட்டது. எத்தனை காலமாக அவள் பின்னால் வாசிக்கிறேன், அந்த இடத்தில் அவள் குரல் உடைந்து மேலே போவது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வேகமான இடம் வந்தது. இரண்டு அடி, இடம். இரண்டு அடி, இடம். அந்த இடத்துக்குள் அவள் குரல் வந்து இறங்கியது. மூன்றாவது சுற்றில் மோதிர விரல் தன் புத்தியைக் காட்டியது. ஓர் அடி தாமதமாக, தனியாக, எல்லோருக்கும் தெரியும்படி விழுந்தது. ஹால்காரரின் புருவம் ஏறியதை நான் பார்த்தேன். நெட்டையனும் கேட்டிருப்பார். ஒளிய ஓரிடம் இல்லை. அடுத்த அடியைச் சரியான இடத்தில் போடுவதைத் தவிர வேறு வேலையும் இல்லை. போட்டேன். அதற்கடுத்ததும் சரியாக விழுந்தது.

பாட்டு முடிந்து உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கியபோது, சத்தம் அறுத்த மாதிரி நின்றது. உஸ்ஸென்ற இரைச்சல் இல்லை. தங்கச்சி மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

ஹால்காரர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். ஒன்றை எடுத்து, பிறகு இன்னொன்றையும் எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அதையே இன்னொரு தடவ வாசிங்க," என்றார். பக்கத்தில் இருந்த டயரைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

நெட்டையன் எழுந்து பெட்டியின் பிடியைப் பிடித்தார். "அப்ப நான் கிளம்பறேன்," என்றார். முகத்தில் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க முயன்றார். உயரமானவர்களுக்கு அது கஷ்டம், முகம் எல்லோருக்கும் மேலே தெரியும்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை முடிவை என்னிடம் விட்டிருந்தாள் என்று புரிந்தது.

நான் அந்த இரண்டு அடிக்கு நடுவில் இருக்கும் இடத்தை நினைத்தேன். அவள் பாடாத சுற்றுகளில் அது வெறுமையாகத்தான் போகிறது. அதற்கு மேலே ஒருவர் மெல்லிய கம்பிகளில் ஏறி இறங்கினால் யார் காலையும் யாரும் மிதிக்கப் போவதில்லை. முன்பு இந்த அறையில் இன்னொரு கிட்டாருக்கு இடமே இருந்திருக்காது. இருந்த இடத்தையெல்லாம் நானே அடைத்துக்கொண்டிருந்தேன்.

"கிட்டாரைப் பெட்டியில வச்சுக் காட்டறதுக்கா இவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு வந்தீங்க?" என்றேன். "அடிக்கிறதை நான் பார்த்துக்கறேன். அவ பாடாத இடத்துல நீங்க மேல வாசிங்க."

"நிஜமாவா அண்ணா?"

"வேகமா வாசிக்க வேண்டியதெல்லாம் உங்களுக்கு. எனக்கு அந்த வேலை வேணாம்."

அவர் பெட்டியைத் திறக்கக் குனிந்தார். ஹால்காரர் பையிலிருந்து போனை எடுத்து எதையோ பார்த்துக்கொண்டே, "அடுத்த மாசம் ஒரு குழு வரலன்னு சொல்லிட்டாங்க. அந்த இடம் காலியா இருக்கு. போஸ்டர்ல மூணு பேருன்னு போடறதா, நாலு பேரா?" என்று கேட்டார்.

"நாலு," என்றாள் தங்கச்சி. அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதை மறைக்க மாப்பிள்ளையை அதட்டினாள். "சும்மா உட்கார்ந்திருக்கீங்க. அவருக்குப் ப்ளக் போட இடம் பாருங்க."

மாப்பிள்ளை சுவரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ப்ளக் பாயின்ட்தான் வெளியே தெரிந்தது, அதில் என் ஆம்ப் இருந்தது. இன்னொன்று டயர் அடுக்குக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது, முதலாளி ஒரு தடவை சொன்னார் என்றார். நான் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். நெட்டையன் அந்தப் பக்கம் பிடித்தார், நான் இந்தப் பக்கம் பிடித்தேன். ஹால்காரர் உட்கார்ந்திருந்த டயரை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்த ஆரம்பித்தோம்.